தலை அடுக்கு

கொடிமரத்துறையில் கல்யாணக் கேக்கை யாரும் கடையில் வாங்குவதில்லை. பெண்ணைப் பெற்றவள்தான் சுட வேண்டும், மூன்று அடுக்காகச் சுட வேண்டும், மூன்றுக்கும் முன்னோர் வைத்த உரிமை உண்டு: அடி அடுக்கு ஊருக்கு, நடு அடுக்கு சொந்தபந்தங்களுக்கு, உச்சியில் இருக்கும் தலை அடுக்கு கல்யாணத்தன்று யாருக்கும் கிடையாது. அதைப் பிராந்தியில் நனைத்த துணியால் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, அந்த வீட்டில் அடுத்து ஊர் கூடுகிற நாளில்தான் வெளியே எடுப்பார்கள். அடுத்து ஊர் கூடுகிற நாள் என்றால் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அதுவரை அப்படித்தான் நடந்தும் வந்தது.

செலஸ்தீனாள் தன் ஒரே மகள் பிரகாசியின் கல்யாணத்துக்கு அளவு போட உட்கார்ந்தபோது, மற்ற தாய்மார்கள் போடுகிற அளவைத்தான் போட்டாள். அடி அடுக்கு மீன்கூடை அகலம், நடு அடுக்கு சோற்றுத்தட்டு அகலம், தலை அடுக்கு இட்லித்தட்டு அகலம். முந்திரிப்பருப்பும் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் பொடியாக நறுக்கி, பூசணி மிட்டாயும் சேர்த்து, எல்லாவற்றையும் பிராந்தியில் ஊறப்போட்டு ஜாடி வாயைத் துணியால் கட்டி வைத்தாள். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தங்க எழுத்தில் அச்சடித்த சின்ன அட்டைப்பெட்டிகளை, ஊருக்கே போதும் என்கிற கணக்கில், தூத்துக்குடிக்குப் போய் வாங்கிவந்து பரணில் அடுக்கினாள்.  ஊர் வருமா என்று அவளுக்கே தெரியாது.

மாப்பிள்ளை பக்கத்துத் துறைக்காரன், ரோச் என்று பெயர். போன வருஷம் அலை கொந்தளிக்கிற காற்றுக்கடல் காலத்தில் கொடிமரத்துறையிலிருந்து போன விசைப்படகு ஒன்று கவிழ்ந்தது. போனவர்கள் ஐந்து பேர். நாலு பேர் இந்த ஊர்க்காரர்கள், ஐந்தாவது ரோச். அந்த நாலு பேரில் ஒருவன் தொம்மை, செலஸ்தீனாளின் புருஷன் கயித்தானுக்குக் கூடப்பிறந்த தம்பி. டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஒதுங்கியவன் ரோச் மட்டும்தான். நாலு பேரை விட்டுவிட்டு நீ மட்டும் எப்படி வந்தாய் என்று ஊர் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த மௌனத்தை ஊர் பதிலாக எடுத்துக்கொண்டது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பிரகாசிக்கு ரோச்சைப் பேசி முடித்ததே அந்தத் தொம்மைதான். "நம்ம பிள்ளைக்கு ஏத்த பையன் அண்ணே, குடி கிடையாது, கடல்ல பயப்பட மாட்டான்" என்று படகு கவிழ்வதற்கு முந்தின மாதம் வந்து சொல்லி, வெற்றிலையும் மாற்ற வைத்துவிட்டுப் போனவன். பிரகாசி ஒற்றைக் காலில் நின்றாள். சித்தப்பா குடுத்த வார்த்தை, அவர் போய்ட்டாருன்னு வார்த்தையும் போயிருமா என்று கேட்டாள். செலஸ்தீனாள் மகள் பக்கம் சாய்ந்தாள். கயித்தான் சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. தம்பியின் உடம்புகூடக் கிடைக்காத மனிதர் அவர், வெறும் பெட்டியைத்தான் புதைத்தார். அன்றிலிருந்து வலையும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

செலஸ்தீனாளுக்கு ஊர் வருகிறதோ இல்லையோ, இந்த மனிதர் கோயிலுக்கு வர வேண்டும். மகளை அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஏங்க, கோயிலுக்கு வருவியள்லா?" என்று அவள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"தொம்மை வரட்டும். அவன் வந்தா நானும் வாறேன்" என்றார் கயித்தான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு அவள் அடி அடுக்கைச் சுட்டாள். பெரிய அண்டாவில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, மீன்கூடை அகலத் தகரத்தில் மாவை விளிம்பு வரை ஊற்றி இறக்கி, மூடி மேல் சிரட்டைக் கனலை அள்ளிப் போட்டு, வாசனை தெருமுனை தாண்டிப் போன பிறகு மூடியைத் திறந்தாள். அவ்வளவு பெரிய தகரத்தின் நடுவில் ஒரு உளுந்தவடை அளவுக்குக் கேக் இருந்தது. கருகவில்லை, அமுங்கவில்லை, வேகாமலும் இல்லை. நன்றாக வெந்து, பளபளவென்று, அளவில் மட்டும் வடையாக இருந்தது. சுற்றிலும் தகரம் கழுவி வைத்தது போலச் சுத்தமாகக் கிடந்தது.

ஈரக் காற்று என்றாள் பக்கத்து வீட்டு மரியதங்கம். முட்டை பழசு என்றாள் இன்னொருத்தி. செலஸ்தீனாள் புது முட்டை வாங்கி மறுபடி சுட்டாள், மறுபடியும் வடை. சாமியார் வந்து அண்டாவுக்குத் தீர்த்தம் தெளித்தார், அதற்குப் பிறகும் வடை. கடைசியில் மரியதங்கம்தான் அந்தக் கேக்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "மைனி, இத வெட்டுனா ரெண்டு துண்டு தேறும். ஒண்ணு சாமியாருக்கு, இன்னொண்ணு மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு. அவுக ரெண்டு பேரும் வராம கல்யாணம் நடக்காதுல்லா?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கேக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள்.

வருகிறவர்கள் எண்ணிக்கைக்குத்தான் செலஸ்தீனாளின் கேக் வேகிறது என்ற செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது. அதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடல் ஒரு வருஷம் மீனைக் கொடுக்கிறது, மறு வருஷம் ஆளை எடுக்கிறது, அதையே ஏன் என்று கேட்காத ஊர், ஒரு கேக்கைப் பார்த்தா கேட்கப் போகிறது? அவர்களுடைய கவலையெல்லாம் வேறு. ஒவ்வொருத்தியாக முட்டையும் சீனியும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, "நாங்க வராம யாரு மைனி வருவா, எங்க வீட்டுல இருந்து அஞ்சு பேரு, எழுதி வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அண்டாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். செலஸ்தீனாள் அந்த முட்டைகளையும் உடைத்து ஊற்றிச் சுட்டாள். வடை வடையாகவே இருந்தது.

கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு நின்ற ஒருவர், தன் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு கேக் சுடச் சொன்னார். பிஸ்கட் அளவில் ஒன்று வந்தது. அதை அவரே வாயில் போட்டுக்கொண்டு, நல்ல ருசி என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் நாலு நாள் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு சங்கடம் வந்தது. வருகிறேன் என்று வாயால் சொன்னவர்கள் எல்லாரையும் அந்த வடை பொய்யராக்கிக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. அதை என்ன செய்வது என்று மீன் ஏலக்கூடத்திலும் குழாயடியிலும் பேசிப் பேசி, இரண்டாவது ஓலை வாசிப்பதற்குள் ஊர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

"நாங்க வரத்தான் இருந்தோம் மைனி" என்று மரியதங்கமே வந்து சொன்னாள், உண்மையாகவே கண் கலங்கி. "ஆனா கேக்கு முடிஞ்ச முடிவா ரெண்டு பேருன்னு சொல்லிட்டு. மாதா காட்டுன கணக்கு. இனி நாங்க வந்தோம்னா அதப் பொய்யாக்குன மாதிரில்ல ஆவும்? துண்டு இல்லாத எடத்துல போயி நிக்கதும் மொறை இல்லல்லா?"

செலஸ்தீனாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி மைனி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். மரியதங்கம் உட்கார்ந்து காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்து நடு அடுக்கைச் சுட்டாள் செலஸ்தீனாள். ஊர் அடுக்கு போனால் போகட்டும், சொந்த அடுக்கில்தான் கயித்தான் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியும். மூடியைத் திறந்தபோது சோற்றுத்தட்டு அகலத் தகரத்தில் ஒரு சாஸர் அளவுக்குக் கேக் நின்றது. நூலைப் பிடித்து அளந்தாள். பன்னிரண்டு துண்டு. மணமக்கள், அவள், அவளுடைய அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, மாப்பிள்ளையின் தாய், அவன் அக்காள் குடும்பம் என்று விரல் மடக்கி எண்ணினாள். எப்படி எண்ணினாலும், யாரைக் கூட்டினாலும் யாரைக் கழித்தாலும், பதினொன்றில் வந்து நின்றது. பன்னிரண்டாவது துண்டு யாருடையது?

அவள் வாசலைப் பார்த்தாள். கயித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு அந்த முதுகின் மேல் ஆசை வந்தது.  அவருக்குப் பிடித்த சாளைக் குழம்பு வைத்து, நிறையச் சோறு போட்டாள்.

மூன்றாவது ஓலையும் வாசித்து முடிந்த பிறகு தலை அடுக்கைச் சுட்டாள். இட்லித்தட்டு அகலத்தில் சின்னத் தகரம், அதில் கொஞ்சம் மாவு. மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். கனல் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூடி மெல்ல எழும்பியது. கனல் துண்டுகள் தரையில் உருண்டன. பிரகாசி ஓடிவந்து பார்க்கும்போது கேக் தகரத்தைப் பிளந்துகொண்டு, அண்டாவின் வாய் அளவுக்கு விரிந்து, அதற்கு மேலும் பொங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுக்க அண்டாவின் விளிம்பை வெட்ட வேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல் வைத்தார்கள்.

ஊரே வந்து பார்த்தது. நூல் பிடித்து அளந்தார்கள். கொடிமரத்துறை மொத்தமும், பக்கத்துத் துறையில் பாதியும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்கு வந்தபோது எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். இத்தனை நாள் நெஞ்சில் இருந்த முள் எடுபட்டுவிட்டது.

"பாத்தியளா மைனி! ஞானஸ்நானத்துக்கு நாங்க ஒருத்தர் பாக்கியில்லாம வருவோம்னு கேக்கே சொல்லிட்டு!" என்று மரியதங்கம் கையைத் தட்டினாள். "ரெட்டைப் பிள்ளையா இருக்கும், அதான் இம்புட்டுப் பெருசு" என்றாள் இன்னொருத்தி. பிரகாசிக்கு வெட்கம் தாங்கவில்லை.

செலஸ்தீனாள் மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு வராத ஊர் இந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்கு வருமா? தன் ஊரை அவளுக்குத் தெரியும். கோபமாக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், கோர்ட்டு வழக்கு நடந்தாலும், கொடிமரத்துறை முழுசாக, கூப்பிடாமலேயே, பக்கத்துத் துறையையும் சேர்த்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் வந்து நிற்கிற நாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு ஓலை வாசிப்பதில்லை, மணியைத்தான் அடிப்பார்கள்.

இந்த வீட்டில் அந்த மணி யாருக்கு? ரோச் கடலுக்குப் போகிறவன். பிரகாசி நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள். செலஸ்தீனாளுக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. கேக் எண்ணிக்கையைச் சொல்கிறது, பேரைச் சொல்வதில்லை. அவள் அந்தப் பலகையின் முன்னால் முழங்காலில் நின்று, நானாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டாள். வேறு எதையும் அவளால் கேட்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

தலை அடுக்கை எதன் தலையிலும் வைக்க முடியாதென்பதால், வலைப்பெட்டியைக் காலி செய்து, பிராந்தித் துணியால் சுற்றி அதற்குள் இறக்கினாள். நடு அடுக்கை அடியில் வைத்து, ஊர் அடுக்கைத் தூக்கி அதன் உச்சியில் வைத்து, சீனிப்பாகு பூசி, கல்யாணக் கேக் என்று சொன்னாள். பார்க்கச் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் கயித்தானின் இடம் காலியாக இருந்தது. வலையும் இல்லை, அவரும் இல்லை. விடியுமுன்பே படகில் போய்விட்டார் என்று தெருவில் சொன்னார்கள். பிரகாசியை அவள் தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அத்தனை பெரிய கோயிலில் முன் இரண்டு பெஞ்சு மட்டும் நிறைந்திருந்தது. ரோச் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மணி அடித்தது. வழக்கத்தைவிட வெகுநேரம் அடித்தது, ஒரு சீராக இல்லாமல், விட்டு விட்டு, வேகம் கூடியும் குறைந்தும். கோயில்பிள்ளை அருளப்பனுக்கு வயசாகிவிட்டது என்று செலஸ்தீனாள் நினைத்துக்கொண்டாள்.

கேக்கை வெட்டினார்கள். சாமியாருக்கு ஒன்று, கோயில்பிள்ளைக்கு ஒன்று. நடு அடுக்கில் பதினொரு பேருக்குக் கொடுத்தது போக ஒரு துண்டு மிஞ்சியது. செலஸ்தீனாள் கோயில் வாசலில் வெகுநேரம் நின்றாள். கடல் வெறுமனே கிடந்தது. பிறகு அந்தத் துண்டை ஒரு பெட்டியில் போட்டு மூடி எடுத்துவந்தாள். ஒரு துண்டு மிஞ்சிவிட்ட செய்தி ஊருக்குள் போனதும் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். அப்ப கேக்கும் தப்புப் பண்ணும் என்றார்கள். வடை விஷயத்திலும் தப்புப் பண்ணியிருக்கலாம், நாம் போயிருக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

ரோச்சைக் கடலுக்கு விடாமல் வெளியூர் ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள் செலஸ்தீனாள். ஏன் என்று கேட்ட மகளிடம் ஒரு காரணமும் சொல்லவில்லை. பிள்ளைகள் கண்ணுக்குத் தூரத்தில் பத்திரமாக இருந்தார்கள். இனி வருவது தனக்குத்தான் என்று அவள் தயாராகி, நல்ல சேலையை மடித்துத் தனியாக எடுத்து வைத்தாள். புருஷனோடு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மகள் கல்யாணத்தன்று கடலுக்குப் போன மனிதரோடு பேச என்ன இருக்கிறது? அவர் வலை பின்னினார், அவள் சோறு போட்டாள். கல்யாணம் எப்படி நடந்தது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததை அவள் மன்னிக்கவில்லை.

அடுத்த காற்றுக்கடல் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மத்தியானம், சாப்பிடக் கூப்பிட்டபோது கயித்தான் எழுந்திருக்கவில்லை. வலை ஊசி கையிலேயே இருந்தது. பாதி பின்னிய கண்ணி ஒன்று ஊசியில் தொங்கியது.

அருளப்பன் மணி அடித்தார். ஒரு சீராக, நிதானமாக, அடிக்கு அடி இடைவெளி விட்டு அடித்தார். கொடிமரத்துறை வந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தது, பக்கத்துத் துறையிலிருந்தும் வந்தது. மரியதங்கம் முதல் ஆளாக வந்து செலஸ்தீனாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பிரகாசியும் ரோச்சும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வாசலில் ஆள் நெருக்கிக்கொண்டு நின்றது. ரோச்சைக் கண்டதும் கூட்டம் வழி விட்டு ஒதுங்கியது. மரியாதையில் ஒதுங்குகிற ஒதுங்கல் இல்லை அது, அங்கே எல்லாருக்கும் அது தெரியும்.

செலஸ்தீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி பிரகாசி, அரிவாமணைய எடுத்துட்டு வா. மருமவனே, நீங்க அந்த வலைப்பெட்டியத் தொறங்க. பரண்மேல பெட்டி அடுக்கியிருக்கேன், அதையும் எடுங்க."

"அம்மா, என்னம்மா இது, அப்பா கெடக்கும்போது..." என்றாள் பிரகாசி.

"நம்ம வீட்டுல ஊர் கூடியிருக்குல்லா. எடு."

அடுப்பு மூட்டாத வீட்டில் பிராந்தியும் பேரீச்சையும் மணத்தது. அவள் வெட்ட வெட்ட, பிரகாசி பெட்டியில் போட, ரோச் அதை ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய் வைத்தான். பெட்டி மேல் தங்க எழுத்தில் பிரகாசி, ரோச் என்று இரண்டு பெயர்கள். சாவு வீட்டில் கொடுப்பதை மறுக்கக் கூடாது. ஆண்கள் வாங்கினார்கள், பெண்கள் வாங்கினார்கள், தொம்மையின் பெண்டாட்டியும் வாங்கினாள்.

"கல்யாணக் கேக்கு" என்றாள் செலஸ்தீனாள், குரலை உயர்த்தாமல். "ஒங்களுக்குன்னுதான் வெந்துச்சு. தின்னுங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மரியதங்கம் ஒரு விள்ளலை வாயில் போட்டு, விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றாள். ஒப்பாரி நின்று, அத்தனை பேர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாருக்கும் கிடைத்தது. கடைசித் துண்டு செலஸ்தீனாளுடையது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோயில்பிள்ளை அருளப்பன் தன் பெட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"மைனி, சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனி எனக்கென்ன. அன்னைக்குக் கல்யாணத்துல மணி அடிச்சது நான் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருட்டோட வந்து மணிக்கூண்டுக்குள்ள ஏறிட்டாரு. வலையச் சுருட்டித் தலைக்கு வச்சுப் படுத்திருந்தாரு. மேல இருந்து சன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. தாலி கட்டுனதும், எங்கைல இருந்த கயித்தப் பிடுங்கிட்டாரு. நிறுத்தவே மாட்டேன்னுட்டாரு மைனி. ஒரு கையால கண்ணத் தொடைக்கதும் ஒரு கையால இழுக்கதுமா. அதான் மணி அப்படிக் கேட்டுச்சு."

செலஸ்தீனாள் அரிவாமணையை ஓரமாக வைத்தாள். உள்ளே போனாள். மாதா படத்துக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். வெளியே வந்து புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பன்னிரண்டாவது துண்டு கெடாமல் இருந்தது. செபமாலை சுற்றியிருந்த அவர் கைகளைக் கொஞ்சம் விலக்கி, பெட்டியை அவற்றுக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"வந்தியளா" என்றாள். "சொல்லியிருக்கலாம்லா."

பிறகு, வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.